கல்லாவில் இருந்து பார்த்தால் தெரியாதது

சென்ற இதழில், "வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் மேலாளராக இருப்பவர் வாரத்தில் சில மணி நேரமாவது கவுன்டரிலோ ஹெட்செட்டுடனோ உட்கார வேண்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதை ஆதரித்தும் மறுத்தும், சிலர் சற்றுக் கோபமாகவும் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை அவர்களுடைய வேலையை முன்னிட்டுத் தவிர்த்துவிட்டு, ஊரையும் பணியையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் 5 ஆண்டுகள் ஏஜென்டாக இருந்து, இந்த ஆண்டுதான் டீம் லீடர் ஆனேன். க்யூவில் அழைப்புகள் சேர்ந்துவிட்டால் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நானே பேசத் தொடங்கிவிடுகிறேன். குழுவினருக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் எனக்கு மேலே உள்ளவர், "கால் எடுப்பதற்காக உனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை" என்கிறார். யார் சொல்வது சரி?
– டீம் லீடர், சோழிங்கநல்லூர்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் எந்த நேரத்தில் யார் சரி என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த டென்மார்க் கணித அறிஞர் ஆக்னர் எர்லாங், 1909இலும் 1917இலும் வெளியிட்ட கட்டுரைகளில், வரும் அழைப்புகளுக்கு எத்தனை இணைப்புகள் வேண்டும், காத்திருப்பு எவ்வளவு ஆகும் என்று கணக்கிடும் வழியைக் காட்டினார். இன்றும் ரோஸ்டர் (யார் எந்த நேரத்தில் வேலையில் இருக்க வேண்டும் என்ற பட்டியல்) போடும் மென்பொருள்களில் அவருடைய சூத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது என்றால், மொத்தம் 300 நிமிட வேலை. 5 பேர் இடைவிடாமல் பேசினால் முடிந்துவிட வேண்டும். ஆனால் அழைப்புகள் ரேஷன் கடை டோக்கன் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை; ஐந்து நிமிடம் ஒன்றும் வராது, பிறகு பத்து ஒரே மூச்சில் வரும். ஆகவே 5 பேர் மட்டும் இருந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். 6 பேர் இருந்தால் சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 3 நிமிடம். ஏழாவது ஆள் ஒருவர் உட்கார்ந்தால் அது 50 விநாடிக்குள் வந்துவிடும். எட்டாவது ஆள் வந்தால் சுமார் 17 விநாடி. ஒன்பதாவது ஆளால் மிச்சமாவது இன்னொரு 11 விநாடிதான். (யாரும் பாதியில் போனை வைக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது, உண்மையில் பலர் வைத்துவிட்டு, இன்னும் அதிகக் கோபத்தோடு மறுபடி அழைப்பார்கள்.)

அந்த ஏழாவது ஆளாக நீங்கள் உட்காரும்போது நடப்பது சின்ன உதவி என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று நிமிடம் காத்திருந்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள் பேசிவிடுகிறார்கள். உங்கள் குழுவினர் மகிழ்வதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே "எவ்வளவு நேரம் காத்திருப்பது?" என்று திட்டு வாங்கும் அழைப்புகள் குறைந்துபோவதும் ஒரு காரணம்.

இனி உங்கள் மேலதிகாரியின் பக்கம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் 11 மணி முதல் 12 மணி வரை ஏழாவது ஆளாக நீங்கள்தான் உட்கார வேண்டியிருக்கிறது என்றால், ரோஸ்டர் தப்பாகப் போடப்பட்டிருக்கிறது. அதை மாற்றும் அதிகாரம் குழுவில் உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது. மாற்ற வேண்டியவரோ ஹெட்செட்டுடன் இருக்கிறார். அந்த 60 அழைப்புகள் ஏன் வந்தன, 40 ஆகக் குறையாதா என்று பார்க்கவும் வேறு ஆள் இல்லை. இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்டுக்கொள்ளுங்கள்: புதிதாகப் பதவி உயர்ந்தவர்களுக்குப் பழைய வேலை ஒரு நிழல் மாதிரி. ரோஸ்டரும் மதிப்பீடும் மேலிடத்துக்கு எழுதும் கடிதமும் பழகாத வேலைகள். கால் எடுப்பதோ தூக்கத்திலும் வரும். தெரிந்த வேலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் உழைத்த திருப்தியும் கிடைக்கும், மற்றதைத் தள்ளிப்போடவும் முடியும். நானும் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

என் முதல் வேலை தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சமையல் எரிவாயு ஏஜென்சியின் ஜன்னலில். தொண்ணூறுகளில் புது இணைப்புக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் ரேஷன் கார்டு நகலுடன் வர வேண்டும். கார்டைக் கொண்டுவருவார்கள், நகல் இருக்காது. நான் தெருவுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையைக் கைகாட்டுவேன். அங்கே மின்சாரம் இருந்தால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் மறுநாள். திரும்பி வருகிறவர்கள் வரிசையின் கடைசியில் நிற்க மாட்டார்கள்; "ஏற்கனவே வந்தேன்" என்று ஜன்னலில் கையை நுழைப்பார்கள், வரிசையில் இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், எங்கள் மேலாளர் ஜன்னலில் உட்கார்ந்தார். மதியத்துக்குள் 11 பேரை எதிர்க்கடைக்கு அனுப்பினாராம். அந்த 11 பேரையும் ஒரு காகிதத்தில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்துக்குள் பழைய ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. அதுவரை அந்த ஜன்னலில் இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தவன் நான். சண்டையை எப்படித் தீர்ப்பது என்று கற்றுக்கொண்டேனே தவிர, இயந்திரம் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும் வாங்க என்னால் முடிந்திருக்காது.

மேலாளர் கவுன்டரில் உட்காருவதன் பயன் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. ஆகவே கால் எடுங்கள், ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும், "இவருக்குத் தேவைப்பட்டதில் என் ஏஜென்டால் செய்ய முடியாதது எது?" என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். "ஒன்றுமில்லை" என்றே பத்து வரி தொடர்ந்து வந்தால், அன்றைக்கு உங்கள் மேலதிகாரி சொல்வதே சரி. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ரோஸ்டரைத் திறங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் பில் போட்டு 7 நாள் ஆகிவிட்டால் துணியை மாற்றித் தருவதில்லை. விற்பனைப் பெண்கள் அதைத்தான் சொல்வார்கள். வாடிக்கையாளர் சத்தம் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னால், கூட்டத்தின் நடுவே வாக்குவாதம் வேண்டாமென்று நான் மாற்றிக் கொடுக்கச் சொல்லிவிடுவேன். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே போகிறார். ஆனால் எங்கள் பெண்கள் இரண்டு நாளைக்கு என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிரச்சினை என்று வந்தால் நானே நேரில் வந்து நிற்கிறேனே, இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?
– தளப் பொறுப்பாளர், ஜவுளிக்கடை, திருநெல்வேலி

பதில்: அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வேறோர் ஊரில், வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றபடி இதே காட்சியை நான் பார்த்திருக்கிறேன். ஓர் அம்மாள் சுங்குடிச் சேலையை மாற்றக் கொண்டுவந்திருந்தார். பில் போட்டு ஒன்பது நாள். முடியாது என்று அந்தப் பெண் மூன்று முறை பொறுமையாகச் சொன்னார். குரல் உயர்ந்தது, பொறுப்பாளர் வந்தார், சிரித்தார், "நமக்கு வேண்டியவங்கம்மா, மாத்திக் குடுத்துடு" என்றார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமல் சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்து, விழுந்திருந்த குண்டூசியை எடுத்து விலைச்சீட்டை மறுபடி குத்தினார். அடுத்து நின்றவர் ஒரு பெரியவர். கையில் ஒரு சட்டை, எட்டாவது நாள். "அப்போ இதையும் மாத்தலாமாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தப் பெண் சொன்ன பதில்: "மேனேஜரைக் கூப்பிடட்டுமா சார்?"

அதில் கிண்டல் இல்லை. நடந்ததிலிருந்து அவர் சரியான பாடத்தைத்தான் கற்றுக்கொண்டிருந்தார்: இந்தக் கடையில் ஏழு நாள் விதி மெதுவாகப் பேசுகிறவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் வந்து நிற்பதால் பிரச்சினை தீர்வது போலத் தெரிகிறது. உண்மையில் சத்தம் போட்டால் கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்கும், தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஊழியருக்கும் ஒரே நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுகிறீர்கள். ஒரு பொருளை மாற்றித் தர உங்களுக்கு மனம் இருக்கிறது என்றால், அந்த மனத்தை முன்னாலேயே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்களில், ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை மேலாளரைக் கேட்காமலே செலவிடலாம் என்று ஊழியர்களுக்கு அதிகாரம் கொடுத்திருப்பது சேவைத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. அந்தத் தொகை நம் கடைகளுக்குக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. "பதினைந்து நாளுக்குள் வந்தால், மடிப்புக் கலையாமல், சீட்டுக் கிழியாமல் இருந்தால், நீயே பார்த்து மாற்றிக் கொடுத்துவிடு, என்னைக் கேட்க வேண்டாம்" என்பதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. எப்படியும் சண்டைக்குப் பிறகு கொடுக்கத்தானே போகிறீர்கள்!

அதிகாரம் கொடுத்த பிறகு ஓர் இடத்தில் உங்கள் பொறுமைக்குச் சோதனை வரும். கொடுத்திருக்க வேண்டாத ஒருவருக்கு அந்தப் பெண் மாற்றிக் கொடுப்பார். கொடுத்திருக்க வேண்டிய ஒருவரைத் திருப்பி அனுப்புவார். வாடிக்கையாளர் முன்னால் அதை மாற்றாதீர்கள். கடை மூடிய பிறகு, "அந்தச் சட்டைக்கு ஏன் முடியாதென்று சொன்னாய்?" என்று கேளுங்கள், பல சமயம் நீங்கள் பார்க்காத ஒன்றை அவர் பார்த்திருப்பார். காலரில் அழுக்குக் கோடு இருந்திருக்கும்.

நீங்கள் ஓடிவந்து நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கோபமாகப் பேசுகிறவர் வேறு, இழிவாகப் பேசுகிறவர் வேறு. சாதியைச் சொல்லியோ, பெண் என்பதற்காகவோ, வாய்க்கு வந்தபடியோ ஒருவர் பேசத் தொடங்கினால், அடுத்த நொடி அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் இருக்க வேண்டும். "இவங்க இனிமே உங்ககிட்ட பேச மாட்டாங்க, என்கிட்ட சொல்லுங்க" என்று ஆரம்பிக்க வேண்டும். பிறகு அந்தப் பெண்ணைப் பத்து நிமிடம் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு, 1983இல், உள்ளே ஒன்று இருக்க வெளியே புன்னகையைக் காட்டுவதும் சம்பளத்துக்குச் செய்யும் உழைப்புதான் என்று விளக்கி, அதற்கு உணர்வு உழைப்பு என்று பெயரிட்டார். மூட்டை தூக்கியவருக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறோம் இல்லையா? இதுவும் அப்படித்தான்.

கேள்வி: எங்கள் மேலாளர் நாங்கள் பேசும் அழைப்புகளை அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார். நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டால் உடனே பார்ஜ் செய்து, அதாவது நடந்துகொண்டிருக்கும் அழைப்புக்குள் நுழைந்து, வாடிக்கையாளரிடம் தானே பேசத் தொடங்கிவிடுவார். "நான் ஹேண்ட்ஸ்-ஆன் மேனேஜர்" என்று பெருமையாகச் சொல்வார். எனக்கோ அழைப்பு வந்தாலே கை நடுங்குகிறது.
– ஏஜென்ட், கோயம்புத்தூர்

பதில்: அவர் செய்வது களத்தில் இறங்குவது இல்லை, உங்கள் களத்தைப் பிடுங்கிக்கொள்வது. உங்கள் காதில் மட்டும் விழும்படி சொல்லும் விஸ்பர் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கும். ஆபத்தான தவறு நடக்கப்போகிறது என்றால், அதாவது தவறான தொகையோ தவறான வாக்குறுதியோ போகப்போகிறது என்றால், அதில் ஒரு வார்த்தை சொல்வது உதவி. மற்றதெல்லாம் அழைப்பு முடிந்த பிறகு பேச வேண்டியவை. நல்ல மேலாளர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: தாங்கள் எடுத்த அழைப்பின் பதிவை முதலில் குழுவுக்குப் போட்டுக்காட்டி, "நான் எங்கே சொதப்பினேன், சொல்லுங்கள்" என்பார்கள். உங்கள் மேலாளர் கடைசியாகத் தன் பெயரில் ஒரு முழு அழைப்பை எப்போது எடுத்தார் என்று, மாதாந்தரக் கூட்டத்தில், பணிவாக, கற்றுக்கொள்ளும் ஆசையில் கேட்பது போலக் கேட்டுப் பாருங்கள்: "சார், நீங்க பேசின ஒரு காலை எங்களுக்குப் போட்டுக் காட்டுங்களேன்." அவர் ஒத்துக்கொண்டால் உங்களுக்கு லாபம், ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றவர்களுக்கும் புரிந்துவிடும்.

கேள்வி: பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன். காலை பத்து மணி முதல் இரவு வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். எங்கள் மேலாளரும் எங்களோடு நாள் முழுக்க நிற்கிறார், ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. இப்படி ஒருவர் கிடைத்ததற்கு நாங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– விற்பனையாளர், கும்பகோணம்

பதில்: அவர் நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்களோடு நின்று கால் வலியைப் பங்குபோட்டுக்கொள்கிறவரைவிட, நாலு முக்காலி வாங்கிப் போடுகிறவர் மேல்.

இதில் இப்போது சட்டமே இருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டிய 'பெண்கூட்டு' அமைப்பின் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2018இல் கேரளம் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஊழியர்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம், நாள் முழுவதும் நின்றே தீர வேண்டும் என்ற நிலை கூடாது என்பது அதன் சாரம். சட்டம் வந்த பிறகும் பல கடைகளில் முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள், யாரும் அதில் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் மேலாளர் பார்ப்பாரே என்ற பயம்தான் காரணம்; மேலாளர் நின்றுகொண்டே இருக்கும் கடையில் எந்த ஊழியர் உட்காருவார்? ஆகவே உங்கள் மேலாளர் செய்ய வேண்டியது மிக எளிது: மதியம் மூன்று மணிக்குக் கூட்டமில்லாத நேரத்தில், எல்லோரும் பார்க்க, அவரே முதலில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும்.

இந்த இதழ் அவர் கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்துவிடுங்கள்.

கேள்வி: "தன் கையே தனக்கு உதவி" என்று நம்புகிறவன் நான். 22 ஆண்டுகளாகக் காலையில் கடை திறப்பது முதல் இரவு பூட்டுவது வரை கல்லாவில் நானேதான் இருக்கிறேன். வருகிற ஒவ்வொருவரிடமும் நலம் விசாரிக்காமல் அனுப்பமாட்டேன். நீங்கள் சொல்லும் கவுன்டர் அனுபவமெல்லாம் எனக்குப் புதிதா?
– வீட்டு உபயோகப் பொருள் கடை உரிமையாளர், காரைக்குடி

பதில்: வணக்கத்துக்குரிய உழைப்பு, ஆனாலும் ஒரு விஷயம் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். கல்லாவுக்கு வருகிறவர் ஏற்கனவே வாங்க முடிவு செய்தவர். மிக்சி கேட்டு வந்து, இரண்டு மாடலைப் பார்த்து, விலையைப் பற்றியோ சர்வீஸைப் பற்றியோ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல், "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று போனவர் உங்கள் கல்லாவைக் கடந்து போவதே இல்லை. 22 ஆண்டுகளாக நீங்கள் திருப்தியடைந்தவர்களின் முகங்களையே பார்த்துவருகிறீர்கள். கடையைப் பற்றி உங்களுக்கு நல்ல எண்ணம் இருப்பதில் வியப்பில்லை.

டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் டாயிச்சி ஓனோ. அவர் தொழிற்கூடத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, பொறியாளரை அதற்குள் நிற்கவைத்துவிட்டுப் போய்விடுவாராம், சில மணி நேரம் கழித்து வந்து, "என்ன பார்த்தாய்?" என்று கேட்பாராம். பார்த்தது போதவில்லை என்றால் இன்னும் நிற்க வேண்டியதுதான். ஒரு வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம், கல்லாவை மகனிடமோ கணக்கரிடமோ கொடுத்துவிட்டு வாசலுக்கு அருகில், யாருக்கும் உதவி செய்யாமல் நின்று பாருங்கள். உதவி செய்யாமல் நிற்பதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். கையில் எதுவும் வாங்காமல் வெளியேறுகிறவர்களை மட்டும் எண்ணுங்கள். அவர்கள் கடைசியாக எந்த அலமாரிக்கு முன்னால் நின்றார்கள், யாரிடம் என்ன கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்களையும் கவனியுங்கள். பழைய கிரைண்டரை மஞ்சள் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறவரைப் பல கடைகளில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வாங்க வந்தவரிடம்தான் நாலு பேர் ஓடுவார்கள். அந்த மஞ்சள் பைக்காரர் உங்களிடம் ஏற்கனவே பணம் கொடுத்தவர், அடுத்த கிரைண்டரை எங்கே வாங்குவது என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்துகொண்டிருப்பவர்.

கேள்வி: சராசரி அழைப்பு நேரம் 5 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் இலக்கு. என் குழு 4 நிமிடம் 40 விநாடியில் இருக்கிறது. இருந்தும் புகார்கள் குறையவில்லை.
– ஆபரேஷன்ஸ் மேலாளர், இணையவழி விற்பனை நிறுவனம், சென்னை

பதில்: 4 நிமிடம் 50 விநாடி ஆனதும் உங்கள் ஏஜென்டுகள் என்ன சொல்கிறார்கள் என்று பத்து அழைப்புகளைக் கேளுங்கள். "24 மணி நேரத்தில் எங்கள் டீம் உங்களைத் தொடர்புகொள்ளும்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள் என்று ஊகிக்கிறேன். அந்த வாடிக்கையாளர் மறுநாள் மறுபடி அழைத்துக் கதையை முதலிலிருந்து சொல்வார். ஐந்து நிமிடத்தில் முடிந்ததாகக் காட்டும் வேலை, மூன்று அழைப்புகளில் பதினான்கு நிமிடம் தின்றிருக்கும். உங்கள் அறிக்கையில் மூன்றும் வெற்றியாகப் பதிவாகியிருக்கும். ஒரே கைப்பேசி எண்ணிலிருந்து 7 நாளுக்குள் மறுபடி வந்த அழைப்புகள் எத்தனை என்று மட்டும் ஒரு மாதம் பாருங்கள். டிக்கெட் கணக்கிலும், அதாவது பதிவான புகார்களின் கணக்கிலும், இதே விளையாட்டு நடக்கும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலாவதை இயந்திரம் தானாக அனுப்பிவிடும். இரண்டாவதற்கு யாராவது கிடங்குக்குப் போன் போட வேண்டும். அந்தப் போனை ஏஜென்டால் போட முடியாது, அவரிடம் கிடங்கின் எண்ணே இருக்காது. உங்களிடம் இருக்கும்.

கேள்வி: நான் விடுப்பில் போனால் போதும், கடையிலிருந்து போன் மேல் போன். மகளின் காதுகுத்துக்குக் குலதெய்வக் கோவிலுக்குப் போயிருந்தபோதுகூட மண்டபத்துக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். எல்லா வேலையும் எனக்குத் தெரியும் என்பதால்தான் இப்படி. பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா?
– சர்வீஸ் சென்டர் மேலாளர், விருதுநகர்

பதில்: பெருமையும் வருத்தமும் பிறகு, முதலில் கைப்பேசியை எடுத்து அன்றைக்கு வந்த அழைப்புகளின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று வகைதான் இருக்கும். "வாரன்டி முடிந்து நாலு நாள் ஆச்சு, செஞ்சு குடுக்கலாமா?" என்பது ஒரு வகை, அதற்கு ஒரு வரம்பைச் சொல்லிவிட்டால் அந்த அழைப்பு இனி வராது. "பில் சாஃப்ட்வேர் பாஸ்வேர்டு என்ன?" என்பது இரண்டாவது வகை, அது உங்களிடம் மட்டும் இருக்கக் கூடாத தகவல். மூன்றாவது வகை, அவர்களுக்குப் பதில் தெரிந்தும், நாளைக்குத் தப்பாகிவிட்டால் நீங்கள் திட்டுவீர்களோ என்று கேட்டது. இந்த மூன்றாவது வகை எத்தனை என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். அதைப் பற்றி அடுத்த இதழில் பேசலாம். மகளுக்கு என் ஆசிகள்.